லிஃப்ட்காரரும் கம்பிச் சவாரியும்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எங்கள் ஊர் லிஃப்டெல்லாம் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. ஆனால் நாங்கள் எந்த விடுதியில் தங்கினாலும் படியேறித்தான் அறைக்குப் போவோம். லிஃப்டை ஒரு பார்வை பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், “ரோப் சரியில்ல” என்பார். அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் மூச்சுவாங்கப் பின்னால் போக வேண்டும்.

அப்படிப்பட்டவரை இந்த மலைக் கிராமத்துக்குக் கிளப்பிக்கொண்டு வந்ததே பெரும்பாடு. எனக்கு இருந்தது ஒரே ஆசை. பள்ளத்தாக்குக்கு மேலே கம்பியில் தொங்கிப்போகும் இரட்டை இருக்கையில் அவரோடு உட்கார்ந்து அக்கரை போக வேண்டும். தனியாகப் போகலாம்தான். அவர் பக்கத்தில் இல்லாமல் போய் எனக்கு என்ன சந்தோஷம்?

அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் பெரிய கூடையில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இழுத்துத்தான் பள்ளத்தாக்கைக் கடந்தார்களாம். அந்தக் கூடையையும் மர உருளையையும் ஒரு கல்வீட்டில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். உருளையைப் பார்த்ததும் மனிதர் உருகிவிட்டார். கயிறு ஓடிய தடத்தில் விரலால் தடவி, “என்னமா தேஞ்சிருக்கு பாரு. எத்தனை பேரைச் சுமந்துச்சோ” என்றார். கல்யாணமான புதிதில் என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

சூட்டோடு சூடாக அவரைக் கம்பி மேடைக்கு இழுத்துப் போனேன். பெல்ட் மாட்டிவிடும் பெண், “உக்காருங்கண்ணா” என்றாள்.

“இரும்மா, முதல்ல பிரேக்கப் பாக்கணும்.”

பார்த்தார். பிறகு சக்கரத்தை, கொக்கியை, நட்டுகளை. குனிந்து இருக்கைக்கு அடியிலும் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் கேட்டதையெல்லாம் காட்டினாள். வரிசையில் ஒருவர், “அவரு இத விலைக்கு வாங்கப் போறாரா?” என்றார். எனக்கு மானம் போயிற்று.

எல்லாம் சரியாக இருந்தன. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“என்னங்க, ஏறலாமா?”

என் காதருகே குனிந்தார். “கம்பியில ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பயம்.”

“லிஃப்டு மேலயே ஏறி நின்னு வேலை பாக்கறவரு நீங்க.”

“கையில ஸ்பேனர் இருந்தா ஒண்ணும் தெரியாது. சும்மா உக்காந்து போகணும்னாதான் முடியல.”

“அப்ப ரோப் சரியில்லன்னு சொன்ன லிஃப்டெல்லாம்?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே உருட்டிவிட்டிருப்பேன். என் முழங்கால் தேய்ந்தது இதற்காகவா? ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. தனக்குப் பயம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பாவமாகவும் இருந்தது.

“முன்னாடியே சொல்லியிருந்தா நானாவது லிஃப்டுல போயிருப்பேன்ல. வாங்க, ஸ்பேனருக்குப் பதிலா என் கையப் பிடிச்சுக்கங்க.”

பிடித்தார். நட்டை முடுக்குவதுபோல் முடுக்கினார்.

இருக்கை கிளம்பியது. ஓட்டுக் கூரைகள், ஓடை, கொடியில் காயும் துணிகள் எல்லாம் காலுக்குக் கீழே போயின. காற்றில் தலை கலைய, சின்னப் பிள்ளைபோல் கூவிக்கொண்டே போனேன். அவர் பக்கம் திரும்பக்கூட மறந்துவிட்டேன்.

அக்கரையில் இருக்கை நின்றதும் பார்த்தால், மனிதர் இன்னும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார்.

“வந்தாச்சுங்க.”

மெல்லக் கண்ணைத் திறந்தார். கையை மட்டும் விடவில்லை. “என்னென்ன பாத்தே, சொல்லு” என்றார்.

சொன்னேன். துணியின் நிறம்வரை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார்.

“சரி, திரும்பிப் போறப்ப நானும் பாக்கறேன்.”