எழுபத்தைந்துக்குக் கீழே

எங்கள் சந்தில் பதினேழு வீடு. பதினேழிலும் டாக்டர்கள்தான், பட்டம் மட்டும் வாங்கவில்லை. முர்னி அக்கா உடம்பைக் குறைக்க வேண்டும் என்ற செய்தி பரவிய அன்றே சந்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. சோற்றால்தான் சதை போடுகிறது என்று ஒரு கட்சி. அதற்குத் தலைவி என் பெண்டாட்டி ரத்மி. சோறு தின்று எவனும் குண்டானதில்லை என்று இன்னொரு கட்சி. அதற்குத் தலைவர் எதிர்வீட்டு கிமான், தள்ளுவண்டியில் இறைச்சி உருண்டை சூப் விற்கிறவர். நடுவில் மாட்டிக்கொண்டது நான். ஏனென்றால் அக்காவின் உடம்பு குறைந்தால்தான் எனக்கு உயிர்.

என் இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஊர் கெடிரி ஆஸ்பத்திரியில் நாலரை மணி நேரம் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷினோடு கட்டிப் போடுவார்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதில் மாத்திரை விழுங்குவதும் அடக்கம். மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தேன். ஊசி ஏற்றுகிற கையால் டயர் நெம்பக் கூடாது என்றார்கள். கடை போயிற்று. இப்போது ரத்மி தைக்கிற தையலில் குடும்பம் ஓடுகிறது, நான் வாசலில் உட்கார்ந்து ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு போகிற வருகிறவர்களை முறைக்கிறேன்.

முர்னி அக்கா என் கூடப் பிறந்தவள், ஆறு வயது மூத்தவள். புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். ஒரே பெண், செகார், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அக்கா டோஃபு என்கிற சோயாக் கட்டி செய்கிற தொழிற்சாலையில் பொரிக்கிற சட்டி முன்னால் நாள் முழுக்க நிற்கிறவள். அவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் மிஷின் வார்டுக்கு வந்தவள் என் கையைப் பார்த்தாள். அது வீங்கி, நரம்பு முண்டு முண்டாக இருந்தது.

"எனக்கு ரெண்டு இருக்குல்ல. ஒண்ணை எடுத்துக்கோடா" என்றாள், ஏதோ குடையைக் கொடுக்கிற மாதிரி.

ரத்தம் பொருந்தியது. சுரபாயா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் சரியாக வந்தது. எடை மட்டும் எண்பத்தாறு. அவள் உயரத்துக்கு எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம், இல்லாவிட்டால் கொடுக்கிறவளுக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

ரத்மி அன்று சாயங்காலமே போனில் பத்து வீடியோ பார்த்துவிட்டு அக்கா வீட்டுச் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இனிமே சோறு கிடையாதுக்கா. மாவுச்சத்துதான் எமன். அப்படியே கொழுப்பா மாறி இடுப்புல போய் உக்காந்துக்குது."

கிமான் வண்டியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நாத்து நடறவன் மூணு தட்டு தின்றான். அவன் வயித்தைப் பாரு, பலகை மாதிரி இருக்கு."

"அவன் நாத்து நடறான். நீங்க என்ன நடறீங்க, உங்க தொப்பையையா?"

முதல் பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது. ரத்மி சந்து முழுக்க நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அக்கா சோற்றைக் கையால் தொடவில்லை, அது சத்தியம். முகம் வாடி, நடை தளர்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தாள். எனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாளே என்று நானும் உள்ளுக்குள் உருகினேன். இரண்டு மாதம் கழித்து நிறுத்தால் எண்பத்தேழு.

கிமானுக்குக் கொண்டாட்டம். "உன் பெண்டாட்டி சோத்தை ஜெயில்ல போட்டுட்டா. திருடன் வெளியில திரியறான் தம்பி." ரத்மி அவரிடம் பேச்சை நிறுத்தினாள். நான் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். என்ன கண்றாவி சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அழுதாள்.

உணவு ஆலோசகர் ஹெஸ்தியம்மாவிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மா, பாதி தூக்கத்தில் பேசுகிற மாதிரி பேசுவார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலைங்க."

"நாள் பூராவுமா?"

"ஆமாங்க. ரெண்டு மாசமா சாப்பிடலை."

நானும் தலையாட்டினேன். உண்மைதானே. எங்கள் ஊரில் சோறு இறங்கினால்தான் சாப்பாடு. அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேள்வியை மாற்றிக் கேட்டார். "சரி, சாப்பிட வேண்டாம். வாயில என்னென்ன போட்டீங்க?"

அக்கா யோசித்து யோசித்துச் சொன்னாள். காலையில் சர்க்கரைத் தேநீர். ஆலையில் பொரித்த டோஃபு, வெந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஏழெட்டு. வாழைப்பழப் பஜ்ஜி மூன்று, மேஸ்திரி கொடுத்தது. மத்தியானம் ஒரு தட்டு நூடுல்ஸ். அப்புறம் தேங்காய் வெல்லம் போட்ட மரவள்ளிக் கிழங்கு. அப்பளம் கொஞ்சம், பசிக்காமல் இருக்க. மறுபடி தேநீர். சாயங்காலம் கிமான் அண்ணன் ஒரு கிண்ணம் சூப் தந்தார், பாவம் சாப்பிடாமல் இருக்கிறாளே என்று. பக்கத்து வீட்டுப் பிரார்த்தனைச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. அதில் சோற்றை ஒதுக்கிவிட்டு மற்றதெல்லாம்.

எனக்குத் தலை சுற்றியது. தப்பு அவளுடையது மட்டுமில்லை. "சாப்பிட்டாச்சா?" என்றுதான் எங்கள் சந்தில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவோம். இவள் நாளைக்கு இருபது தடவை "இன்னும் இல்ல" என்றிருக்கிறாள், மனசார நம்பி. கேட்டவர்கள் எல்லோரும் மனம் பொறுக்காமல் எதையாவது கையில் திணித்திருக்கிறார்கள்.

"சோத்தையே சாப்பிடுங்க" என்றார் ஹெஸ்தியம்மா. "மத்தியானம் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. கீரை நிறைய, மீன் ஒரு துண்டு. யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க."

"சோறு குண்டாக்காதாம்மா?" என்றேன்.

"மொத்தமா என்ன உள்ள போகுதோ அதுதான் குண்டாக்குது. அதுல சோறும் ஒண்ணு, பஜ்ஜியும் ஒண்ணு. சோத்து மேல மட்டும் கேஸ் போட்டா எப்படி?"

ரத்மி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் பானையைத் திருப்பிக் கொடுத்தாள், கரண்டியை மட்டும் சின்னதாக மாற்றி. அக்கா அந்த ஒரு கரண்டியைத் தின்றுவிட்டு, சந்தில் நிமிர்ந்து நடந்து, "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்று எல்லாக் கையையும் தட்டிவிட்டாள். மாதம் இரண்டு, மூன்று கிலோ இறங்கியது. எண்பத்தொன்று, எழுபத்தெட்டு, எழுபத்தாறு. நான் அந்த எண்களைத்தான் ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டு மிஷினில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த இரண்டு பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஏழாம் மாதம் சுரபாயாவுக்குப் போனோம், நானும் அக்காவும் மட்டும். எடைக் கருவியில் ஏறினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அன்றும் மூடிக்கொண்டாள்.

"எவ்வளவுடா?"

"எழுபத்து நாலு. புள்ளி ரெண்டு" என்றேன். அவள் இறங்கி செருப்பைப் போட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நினைத்தேன். மடையன் நான்.

அப்புறம் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கொடுக்கிறவரிடம் தனியாகப் பேசுவது அங்கே வழக்கமாம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இது நடக்காது தம்பி. அவங்க உடம்பு இதுக்குத் தோதுப்படலை."

"ஏன் டாக்டர்?"

"எடைதான்."

"எழுபத்து நாலு டாக்டர். நான் கண்ணால பாத்தேன்."

அவர் ஃபைலை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "எடைன்னே வச்சுக்குங்க. வீட்டுலயும் அப்படியே சொல்லுங்க. அவங்ககிட்ட இதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

நான் மக்குதான், ஆனால் அவ்வளவு மக்கு இல்லை. தனி அறையில் டாக்டர் கேட்டிருக்கிறார், அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதை அவள் வாயால் எங்கள் முன்னால் சொல்ல வேண்டியிராதபடி அந்த மனுஷன் எடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டார்.

ரயிலில் மூன்றரை மணி நேரம். அக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உள்ள இருக்கற மிஷின்ல எழுபத்தேழு காட்டிச்சுடா. வெளியில இருக்கறது சரியில்லையாம்."

"இருக்கும்" என்றேன்.

அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. கூடப் பிறந்தவள், தானாக வந்து தருகிறேன் என்றவள், ஏழு மாதம் ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் நீ செத்துப் போ என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் எனக்குப் பட்டது. வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தேன்.

வீட்டில் ரத்மி குதித்தாள். "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. சோத்தைத் தொடாதீங்கன்னு சொன்னேனே. அந்தக் கண்ணாடிக்காரி சொன்னான்னு தின்னீங்க. ரெண்டே கிலோ. ரெண்டு கிலோவுல என் புருஷன் உசுரு போச்சு."

அக்கா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும், அவள் மானம் சந்தி சிரித்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ சொல்லவில்லை.

"விடு. சோறுதான்" என்றேன். "அவ மேல தப்பில்லை. சாப்பிடச் சொன்னது நான்."

அதோடு சந்தில் விவாதம் முடிந்தது. ரத்மி கட்சி ஜெயித்தது. கிமான்கூட, "என்னமோப்பா, சிலருக்குச் சோறு ஒத்துக்காது போல" என்று இறங்கி வந்தார். இரண்டு வீடுகளில் சோற்றை விட்டுவிட்டார்கள்.

நான் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் அவள் அந்த ஒரு கரண்டியையும் விட்டுவிட்டாள். இந்தத் தடவை நிஜமாகவே. பஜ்ஜி இல்லை, கிழங்கு இல்லை, சர்க்கரை இல்லை. சந்தே அவளை மெச்சியது. பாரு, தம்பிக்காக இன்னும் விடாமல் முயற்சி செய்கிறாள், அடுத்த தடவை கண்டிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். எழுபது, அறுபத்தாறு, அறுபத்திரண்டு. தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. ஒரு நாள் செகார் வந்து, "மாமா, அம்மா ஆலையில மயங்கி விழுந்துட்டாங்க, எண்ணெய்ச் சட்டி பக்கத்துல" என்றாள். இந்தப் பிள்ளைக்கும் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டரின் தனி அறையில் அக்கா நினைத்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்படியே போனால் எனக்கு முந்திக்கொண்டு அவளே போய்விடுவாள். சாப்பிடு என்று நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால், எடை வெறும் சாக்கு என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். மூன்று நாள் இதையே யோசித்தேன். களைப்பாக இருந்தது. கோபத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு திரிய முடியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், ரத்மி துணி கொடுக்கப் போயிருந்த நேரம், ஒரு தட்டு நிறையச் சோறும் மீனும் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பாயில் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வேணாம்டா. அடுத்த மாசம் மறுபடி டாக்டர்கிட்ட…"

"அடுத்த மாசம் போக வேணாம். எப்பவும் போக வேணாம். இனிமே உன்னை யாரும் எடை போட மாட்டாங்கக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதமாக என் முகத்தை நேராகப் பார்க்காதவள். அப்புறம் தட்டை வாங்கி ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மென்றுகொண்டே அழுதாள்.

"பயமா இருந்துச்சுடா, யோனோ. நீ எழுபத்து நாலுன்னு சொன்னியே, அப்பதான் நிஜமாவே அறுத்துருவாங்கன்னு தெரிஞ்சுது."

"எனக்கும் பயமா இருந்திருக்கும்" என்றேன். "சாப்பிடு."

கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் செவ்வாய், ஏழு மணிக்கெல்லாம் மிஷினுக்குப் போக வேண்டியிருந்தது.