தலைதீபாவளிக்கு ஒரு கீசர்

எங்கள் ஒரே பெண் வைஷு, தலைதீபாவளியன்று எங்கள் வீட்டுக் குளியலறையில் செத்துப்போனாள். கீசரிலிருந்து வந்த வாயு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எனக்கும் கீசரை மாட்டிய முகமது இஸ்மாயிலுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. ஒன்பது மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை.

என் பெயர் பட்டாபிராமன். கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது மாடியில் சொந்த ஃப்ளாட். பூனா குளிரில் இருபது வருஷமாக வாளிக்குள் கரண்ட் ராடைப் போட்டுத்தான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தோம். 2005 மே மாதம் வைஷுவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஷ்ரேயஸுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தலைதீபாவளிக்கு இரண்டு பேரும் வருகிறார்கள் என்றதும் என் மனைவி பாமா பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை கங்கா ஸ்நானத்துக்கு ராடு போட்ட வாளியைத் தூக்கிண்டு போய் வெக்கச் சொல்றேளா? மானம் போயிடும். ஒரு கீசர் வாங்கிப் போடுங்கோ."

நான் லேசில் பணத்தை வெளியே எடுக்கிற ஆள் இல்லை. நாலு கடை ஏறி இறங்கினேன். கரண்ட் கீசர் நாலாயிரத்து எண்ணூறு. அதற்கு மீட்டரிலிருந்து தனியாகக் கனமான வயர் இழுக்க வேண்டும், பதினைந்து ஆம்ப் பிளக், எர்த், சுவிட்ச் என்று இன்னொரு இரண்டாயிரத்து இருநூறு. இதெல்லாம் செய்தாலும் காலை வேளையில் லோட் ஷெட்டிங், கரண்ட் போய்விடும். காஸ் கீசரோ மூவாயிரத்து நூறுதான். வீட்டில் இரண்டாவது சிலிண்டர் சும்மா நின்றது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாட்டுவதற்குப் பிளம்பர் இஸ்மாயிலைக் கூப்பிட்டேன். போபோடியில் இருப்பவர், பூர்வீகம் ஆம்பூர். குளியலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சார், பாத்ரூம் ரொம்ப சின்னது. இத உள்ள மாட்டக் கூடாது. துணி தொவைக்கிற பால்கனியில மாட்டிட்டு, செவுத்துல ஓட்டை போட்டு பைப்ப உள்ள வுட்டுடலாம். பைப்பு, கூலி எல்லாம் சேத்து ஆயிரத்து முந்நூறு ஆவும்."

"கல்யாணத்துக்கு இப்பத்தான் டைல்ஸ் போட்டிருக்கேன். அதை உடைக்கறதாவது! உள்ளேயே மாட்டுப்பா."

"அப்ப ஜன்னல மூடவே கூடாது சார். வாளி ரொம்புனதும் நிறுத்திட்டுத்தான் குளிக்கணும். ஒருத்தர் குளிச்சா பத்து நிமிசம் கதவத் தொறந்து போடணும். முக்கியமா, யாருக்காச்சும் தலை சுத்துச்சுன்னா அடுத்த நிமிசம் வெளிய வந்துரணும். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க சார். மறந்துராதீங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றேன்.

அப்போது பாமா லக்ஷ்மி ரோடில் வைஷுவுக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து குழாயைத் திருப்பி, கையைச் சுட்டுக்கொண்டு, குழந்தை மாதிரிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று நினைத்ததாகச் சொல்லலாம். அது பொய். ஜன்னலைப் பற்றிச் சொன்னால், ஏன் உள்ளே மாட்டினீர்கள் என்று கேட்பாள். அப்போது அந்த ஆயிரத்து முந்நூறு வெளியே வரும். அதனால் சொல்லவில்லை.

தீபாவளியன்று விடியற்காலை நாலரைக்கே பாமா எல்லோரையும் எழுப்பிவிட்டாள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணையில் உட்கார்த்தி, நலங்கு இட்டு, தலையில் நல்லெண்ணெய் வைத்தாள். முதலில் நான் குளித்தேன். பிறகு பாமா. கீழே மராத்திப் பிள்ளைகள் சரவெடியைக் கொளுத்திவிட, புகை முழுக்க ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மாப்பிள்ளை இரண்டு தும்மல் போட்டார். ஓடிப்போய் ஜன்னலை இழுத்து மூடியவன் நான்தான். அவர் குளித்து முடித்த கையோடு வைஷு உள்ளே போனாள். இடுப்புவரை கூந்தல், முழுக்க எண்ணெய், சீயக்காய் போட்டு அலச அரைமணி ஆகும். கீசர் நிற்காமல் எரிந்துகொண்டே இருந்தது.

நானும் மாப்பிள்ளையும் ஹாலில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாமா அடுக்களையில் உளுந்து வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா... தலையை என்னமோ பண்றதும்மா. கிர்ருனு வரது."

"எண்ணெய் தேச்சுண்டா அப்படித்தான்டி அசத்தும். சட்டுனு அலசிண்டு வா. புடவை எடுத்து வெச்சிருக்கேன்."

நம் வீடுகளில் எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எண்ணெய்க் குளியலென்றால் தலை கிறுகிறுக்கும், கண்ணைச் சொருகும், மத்தியானம் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம் வரும். பாமாவுக்குத் தெரிந்தது அது. எனக்குத் தெரிந்தது வேறு. வைஷு கூப்பிட்டது என் காதில் விழுந்தது. இஸ்மாயில் சொன்னதும் அந்த நொடியே நினைவுக்கு வந்தது. பாதி எழுந்துவிட்டேன்.

"என்ன ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை.

பெண் குளிக்கிற அறைக் கதவைப் புது மாப்பிள்ளை எதிரில் போய்த் தட்டுவதா? எதற்கு என்று கேட்டால், ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து உள்ளே மாட்டினேன் என்று சொல்வதா? "ஒண்ணுமில்லை, நீங்க சாப்பிடுங்கோ" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி கழித்து, "ரொம்ப நாழியாறதே" என்று எழுந்தவர் மாப்பிள்ளைதான். கதவை உடைத்தவரும் அவர்தான். என் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூந்தலில் பாதி எண்ணெய் இன்னும் போகவில்லை. பாமா புதுப்புடவையைப் பிரித்து அவள் மேல் போர்த்தினாள்.

துக்கம் கேட்க இஸ்மாயிலும் வந்தார். என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த பாமாவைப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பாமா தலையில் எண்ணெய் வைப்பதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே பேச்சு. "என்னைத்தான் கூப்பிட்டா. எண்ணெய்தான்டின்னு சொல்லிட்டேன். பெத்தவ நானே கொன்னுட்டேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் தப்பு என்ன இருக்கு இதுலே" என்று தேற்றுவேன். எத்தனை பெரிய மனசு பாருங்கள் எனக்கு! என் பழியை அவள் தலையில் ஏற்றிவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வார். பாமாவைக் கேட்பார். அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. நேற்றும் ரிசீவரை நீட்டினேன், கையை ஆட்டி மறுத்துவிட்டாள். வைத்த பிறகு சொன்னாள்:

"எந்த மூஞ்சியை வெச்சுண்டு பேசறது? அவர் ஆம்படையாளை நான் வாரிக் குடுத்துட்டேன். போய்க் கதவைத் தட்டியிருக்கப்படாதா? நானெல்லாம் ஒரு அம்மாவா?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பால்கனி, சுவரில் ஓட்டை, ஆயிரத்து முந்நூறு, ஜன்னல், எல்லாவற்றையும் சொன்னேன்.

பாமா அசையாமல் கேட்டாள்.

"தலை சுத்தினா வெளிலே வரணும்னு அவன் சொன்னானா?"

"சொன்னான்."

"அவ கூப்பிட்டது உங்க காதுலே விழுந்துதா?"

"விழுந்தது."

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் "வைஷூ" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஒன்பது மாதமாகக் குற்றவாளியாக அழுதவள், நேற்றுத்தான் பெற்றவளாக அழுதாள். நான் தொடப்போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்குப் போடுங்கோ. இப்பவே. நீங்களே உங்க வாயாலே சொல்லுங்கோ."

நம்பரைப் போட்டேன். பாமா எதிரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"அப்பா, என்ன திரும்பக் கூப்பிடறேள்? அம்மா பேசறேன்னாளா?"