குமிழைத் திருகியவர்

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு, டிவியில் யார் பேசினாலும் பிடிக்கவில்லை. ஊரே சளி பிடித்து மூக்கால் பேசுகிறது என்றார். கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் டிவி வாங்கிய கடைக்குப் போன் போட்டு அதைச் சொன்னார்.

மெக்கானிக் வந்து, டிவிக்குக் கீழே இருந்த சென்டர் ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார். "இதுமேல தப்பு இல்ல சார். ஆனா ரொம்பச் சின்னது, கனமான குரலை இதால தூக்க முடியாது. ஒரு சப்வூஃபர் வச்சா அடிக்குரலை அது பார்த்துக்கும்."

மறுநாளே சப்வூஃபர் பெட்டியோடு வந்தார். டிவி பக்கத்தில் பிளக் காலியில்லை. தேடிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் மனைவி உட்காரும் நாற்காலிக்குக் கீழே பெட்டியை வைத்தார்கள்.

"இந்தக் குமிழை எண்பதுலயே விட்டுடுங்க. ஏத்தினா ஆளுங்க குரல் டிவியை விட்டுட்டு இங்கேருந்து வர ஆரம்பிச்சிடும்" என்றார் மெக்கானிக்.

செய்யாதே என்று சொன்ன பிறகு கை சும்மா இருக்குமா? மெக்கானிக் படி இறங்குவதற்குள் குமிழைக் கடைசி வரை திருகியாயிற்று. செய்தி வாசிக்கிறவர் நாற்காலிப் பக்கமிருந்து மழை நிலவரம் சொன்னார். வழக்கமாக அடுப்படியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்கிற மனுஷன், அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அரசியல்வாதி ஒருவர் பேசியபோது பதில்கூடச் சொன்னார்.

மனைவி, மகள் பிரசவத்துக்கென்று விமானம் ஏறியவள். மூன்று மாதம் என்று பேச்சு, இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போனில் அவர் கேட்பதெல்லாம் பீரோ சாவி எங்கே, வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் என்பதுதான். முப்பது வருஷம் டிரைவர்களை விரட்டி வேலை வாங்கியவர், யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லை. வறட்டு கௌரவம், வேறென்ன!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது போனை டிவியோடு இணைத்துவிட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். முகம் பெரிதாகத் தெரிந்தது. குரல் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. பெண்குரல், பெட்டிக்கு எட்டுகிற அளவுக்குக் கனமில்லை.

"கொஞ்சம் அடிக்குரல்ல பேசேன்."

"ஏங்க, தொண்டை கட்டினவ மாதிரியா?"

"சொன்னதைச் செய்."

சிரித்துக்கொண்டே குரலை இறக்கினாள். ஒன்றிரண்டு வார்த்தை நாற்காலியிலிருந்து வந்தது. அவர் அசையவில்லை.

"இப்பதான் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் சிரிப்பு நின்றது. "ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது வான்னு கூப்பிட்டீங்களா? சாவியைத்தான் கேட்டீங்க. நான் வேணாம்போலன்னு இங்கயே இருந்துட்டேன்."

உள்ளே குழந்தை அழுதது. அவள் போனை எங்கோ வைத்துவிட்டு எழுந்து போனாள். டிவி முழுக்க அந்த வீட்டின் வெள்ளைக் கூரை.

"வந்துடு" என்றார் அதைப் பார்த்து. "வந்துடு!" என்று டிப்போவில் கத்துகிற குரலில் கத்தினார்.

நாற்காலியிலிருந்து மருமகனின் கனத்த குரல் வந்தது. "மாமா, அத்தை குழந்தையைத் தூங்க வைக்கிறாங்க. ஏதாவது அவசரமா?"

ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, அப்புறம் பேசறேன். எப்போதும் சொல்கிற அந்தப் பதில் இப்போதும் நாக்கு நுனி வரை வந்தது. மாப்பிள்ளை முன்னால் மானம் போகும். போகட்டும் என்று தோன்றியது.

"அவசரம்தான். அத்தையை அனுப்பி வைங்க மாப்பிள்ளை. என்னால தனியா இருக்க முடியல."

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது. காதில் விழவில்லையோ என்று அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, மறுபடியும் சொன்னார்.

"முடியல மாப்பிள்ளை."