இரண்டு படம் தாமதமாக வந்த கால்

பள்ளிச் சான்றிதழில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் வீட்டிலும் கல்லூரியிலும் எல்லாரும் கூப்பிட்டது சொப்பனம் என்றுதான். தட்டில் கை வைத்தபடியே ஜன்னலுக்கு வெளியே போய்விடுவாள். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வருவாள். அந்தப் பெயரை வைத்தது அம்மா.

அம்மா தபால்காரி. இருபத்திரண்டு வருடமாக ஒரே வட்டாரத்தில் நாளுக்கு ஒன்பது கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுக்கிறவள். அம்மாவின் தம்பி, பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் மாமா, "உனக்கு நடந்தே பொழப்பு, உன் பொண்ணுக்கு மிதந்தே பொழப்பு" என்பார். சொப்பனம் அனிமேஷன் படிக்கச் சேர்ந்தபோதும் அதையேதான் சொன்னார். சேர்க்கைக் கட்டணத்துக்கு வரிசையில் நின்றதும் அவர்தான்.

அப்போது அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். கல்லூரி மாடிப்படிக்கு எதிரே ஒரு நோட்டீஸ் போர்டு உண்டு. மாணவர் படவிழாக்கள், காமிக்ஸ் போட்டிகள், நூலக அட்டை, இரவல் கிடைக்கும் கேமராக்கள், கோடைப் பயிற்சிகள் என்று நாலைந்து அடுக்காகத் தாள்கள் குத்தியிருக்கும். ரயிலில் போகிறவள் நிற்காத நிலையங்களின் பெயரைப் படிப்பதுபோல அவற்றைப் படித்துக்கொண்டு போவாள். பெயர்கள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கெல்லாம் இறங்குகிறவர்கள் வேறு யாரோ என்பது அவள் எண்ணம்.

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு தாள் வந்திருந்தது. வேறொரு நகரத்தில் இருக்கும் ஸ்டூடியோ ஒன்று கோடையில் ஆறு வாரத்துக்கு நான்கு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. கையால் வரைந்த ஒரு நிமிடப் படம் அனுப்ப வேண்டும். பொருள்: 'ஒருவர் நடந்து போகிறார்.'

இவ்வளவுதானா என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நடையையாவது வரைந்து பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அவள் அதை மூன்று முறை படித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கால்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டிருந்தன.

கீழ்த்தளத்தில் இருந்தது கேமராக்களை இரவல் கொடுக்கும் கருவி அறை. அதன் பொறுப்பில் இருந்த அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா இந்தக் கதவைத் தாண்டிப் போறே, வர்றே. இன்னைக்குத்தான் உள்ள வர்றே."

"இதெல்லாம் கடைசி வருஷக்காரங்களுக்குன்னு நினைச்சேன்க்கா."

"யாரு சொன்னா? கேக்கறவங்களுக்குக் குடுக்கறேன். கேக்காதவங்களுக்கு வீடு வீடாக் கொண்டுபோயா குடுக்க முடியும்?"

அப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. மாணவர் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு ஒரு கேமராவும், மடக்கு ஸ்டாண்டும், அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட்பாக்ஸ் பலகை ஒன்றும் வாங்கிக்கொண்டாள். பலகையைப் பையில் வைத்துத் தோளில் மாட்டியபோது ஒரு சின்ன ஜன்னலைத் திருடிக்கொண்டு போவதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அடுக்குமாடியின் நீளமான நடைவழியில் அம்மாவை நடக்க வைத்தாள். அம்மா சீருடை போட்டுக்கொண்டாள், பையையும் மாட்டிக்கொண்டாள். சும்மா நடக்கச் சொன்னால் கை எங்கே போவதென்று தெரியவில்லையாம்.

"கேமராவைப் பாக்காத அக்கா," என்றார் மாமா, வாசலில் சாய்ந்து நின்று. "கடன் கேட்டு வர்றவன் மாதிரி இருக்கு."

"நீ உள்ள போடா. சொப்பனம், இன்னும் எத்தனை தடவைடி?"

"ஒரே ஒரு தடவை அம்மா."

அந்த ஒரு தடவை பதினோரு தடவை ஆயிற்று.

மறுநாளிலிருந்து அதிகாலையில் எழுந்து, கேமராவில் எடுத்ததைப் பார்த்து வரைந்தாள். தெரு விழிக்காத நேரம். லைட்பாக்ஸின் பால் வெளிச்சத்தில் மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பாள். அடித்தாளில் இருக்கும் அம்மா புகைபோலத் தெரிவாள், அதற்கு மேலே இருப்பவள் நிழல்போல, எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவள் மட்டும் பென்சில் கோடாக. ஐந்து அம்மாக்கள் பனிக்குள்ளிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வரைய வரைய உலகமே துண்டு துண்டாகப் பிரியத் தொடங்கியது. பஸ்ஸில் ஏறுகிறவரின் முழங்கால் காற்றில் நின்றது. கதவு சாத்தும்போது நடுவில் எட்டுக் கதவுகள் தெரிந்தன. பால் ஊற்றினால் ஒழுகும் வெள்ளை நூல் அறுந்து அறுந்து விழுந்தது.

நாற்பது படம் சேர்ந்ததும் வரிசையாகப் படமெடுத்து ஓட்டிப் பார்த்தாள். தாளில் இருந்த அம்மா நடந்தாள். ஆனால் நொண்டினாள்.

கோடு தவறிவிட்டது என்று நினைத்தாள். இடது காலைத் திருத்தி மறுபடி வரைந்தாள். நடை சீராகிவிட்டது. ஆனால் அது அம்மா இல்லை. சீருடை போட்ட யாரோ ஒரு பெண். திருத்தியதை ஒதுக்கிவிட்டு, கேமராவில் எடுத்ததை ஒவ்வொரு படமாக நிறுத்தி எண்ணினாள். வினாடிக்கு இருபத்துநான்கு படம். வலது கால் தூக்கி ஊன்றப் பன்னிரண்டு, இடது காலுக்குப் பதினான்கு. அந்தக் கூடுதல் இரண்டில் பாத நுனி தரையை உரசிக்கொண்டிருந்தது. பதினோரு தடவையும் அப்படியே.

போன வருடம் ஏரிக்கரையில் அம்மா நடந்து வருவதை மாமா போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அதைத் தேடி எண்ணினாள். இரண்டு காலும் பன்னிரண்டு, பன்னிரண்டு.

அன்று மதியம் மேசையிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். கனவில் தரையே இல்லை, எங்கும் வெள்ளைத்தாள். அம்மா அதில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். இடது கால் கொஞ்சம் பின்தங்கி, வழி தெரியாத பிள்ளைபோலத் தேடித் தேடி வந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமல் போனாள். இவள் கூப்பிட்டாள், ஒலி இன்னும் சேர்க்காத படம் ஆகையால் குரல் எழவில்லை. விழித்தபோது கன்னத்தில் பென்சில் கரி ஒட்டியிருந்தது.

மாலை அம்மா வந்ததும் கேட்டாள். "உனக்கு இடது கால் வலிக்குதா அம்மா?"

"இல்லையே. ஏன்?"

"இழுத்து நடக்கறே."

"பை கனம்டி. ஒரு பக்கமா இழுக்கும்."

"பை வலது தோள்ல இருக்கு."

அம்மா தன் தோளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தாள்கட்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்து, கட்டைவிரலால் தட்டிவிடச் சொன்னாள். இருபத்திரண்டு வருடம் கடிதக் கட்டுகளைப் புரட்டிய விரல். தாள்கள் தண்ணீர்போல ஓடின. அம்மா ஒருமுறை பார்த்தாள். இன்னொருமுறை மெதுவாகப் பார்த்தாள்.

"நான் இப்படியா நடக்கறேன்?"

"இப்பல்லாம்."

"இடது ஷூ மட்டும் முன்னாடி தேயுது," என்றாள் அம்மா, யாரிடமோ சொல்வதுபோல. "கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிட்டான்னு நினைச்சேன்."

மருத்துவமனைக்கு மாமாவும் வந்தார். நரம்பு மருத்துவர் ஓர் அம்மாள், அதிகம் பேசாதவர். தாள்கட்டைத் தட்டிப் பார்த்தார், அம்மாவைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார், ஸ்கேனுக்கு எழுதினார். முதுகுத்தண்டின் அடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது.

"கெட்ட கட்டி இல்லை," என்றார் மருத்துவர். "ஆனா நரம்பை அமுக்குது. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா பாதம் தூக்கவே வந்திருக்காது. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? இவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதே."

"எண்ணினேன் டாக்டர்," என்றாள் சொப்பனம்.

அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த நாள், ஸ்டூடியோவுக்கு அனுப்பக் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பு. படம் பாதிதான் ஆகியிருந்தது. அவள் அதை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். அம்மாவின் நோயை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போவதா என்று ஒரு கூச்சம். கூச்சத்துக்கு அடியில், முடிக்க வேண்டுமென்ற ஆசையும் கிடந்தது. அது அவளை இன்னும் வெட்கப்பட வைத்தது.

அம்மாதான் கண்டுபிடித்தாள். "ஏன்டி வரையறதை நிறுத்திட்டே?"

"உன் நடை அது. நான் எப்படி அனுப்பறது?"

"யாராவது என்னைப் பாக்கறதே அபூர்வம். கதவைத் தொறப்பாங்க, கடுதாசியைப் பாப்பாங்க, மூடிடுவாங்க. நீ பாத்திருக்கே." அம்மா போர்வையை மடித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்தாள். "திருத்தாம வரை. காதை மட்டும் சின்னதாப் போடு. எனக்கு அவ்வளவு பெரிய காது இல்லை."

கேமராவைத் திருப்பிக் கொடுத்த அன்று கருவி அறை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா பதிவேட்டைத் திறந்து லைட்பாக்ஸுக்கு நேரே இருந்த திருப்பித்தரும் தேதியை அடித்து, 'வேலை முடியும் வரை' என்று எழுதினாள்.

"வார்டுக்கு எடுத்துட்டுப் போ. அம்மாவுக்கு வெளிச்சம் கண்ணுல படாம வச்சுக்கோ."

சிகிச்சை நான்கு மணிநேரம் நடந்தது. அந்த நான்கு மணிநேரமும் அவள் ஒரு கோடு போடவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா முதல்முறையாகப் பேசாமல் இருந்தார். முடிந்து அம்மா கண் திறந்து, "மணி என்ன, தபால் வண்டி வந்திருக்குமே," என்று முனகியபோதுதான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

பிறகு வந்த நாட்களில் வார்டு ஜன்னலோரம் வரைந்தாள். பகல் வெளிச்சமும் பலகை வெளிச்சமும் கலந்து தாள் எது, வெயில் எது என்று தெரியாமல் போகும். பக்கத்துக் கட்டில் நோயாளிகள் தலையணையை உயர்த்தி எட்டிப் பார்ப்பார்கள். பின்னணி வரைய நேரமில்லை. அதனால் படத்தில் தெருவே இல்லை. அம்மா போகப் போக, அவள் நெருங்கும் இடத்தில் மட்டும் ஒரு கதவு கோடாக முளைக்கும், கடிதம் போனதும் கரையும். கடைசி நாள் மதியம், தாள்களை மாமாவின் போனில் எடுத்த படங்களை மருத்துவமனை நூலகத்துக் கணினியில் கோத்து அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நால்வரில் அவள் இல்லை. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. "பஸ்ல ஸ்டாண்டிங்ல டிக்கெட் கிடைச்ச மாதிரி," என்றார் மாமா. அவள் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். பிறகு கீழ்த்தளத்துக்குப் போய் லைட்பாக்ஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் நோட்டீஸ் போர்டின் முன் நின்று, இந்தமுறை நோட்டில் குறித்துக்கொண்டாள்: மூன்று படவிழா, ஒரு காமிக்ஸ் போட்டி, நூலக அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரம்.

கோடை தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. ஒரு மாணவருக்கு வர இயலவில்லையாம். அம்மா அப்போது கைத்தடியுடன் நடந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மாதத்துக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கும் வேலைதான்.

"நான் போனா உனக்கு யாரும்மா?"

"உன் மாமன் இருக்கான். சமைக்கத் தெரியாது, ஆனா பேசியே பசியை மறக்க வச்சிடுவான். போடி."

ஸ்டூடியோ, மாடியில் ஒரு நீளமான கூடம். ஜன்னலுக்கு வெளியே ஒரு குளம். முதல் வாரம் அவளுக்குக் கொடுத்த வேலை, நீரிலிருந்து கரையேறும் ஒரு வாத்து. முதல் நாள் முழுக்க அவள் ஒன்றும் வரையவில்லை; குளத்தங்கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவளை மூன்று தடவை கூப்பிடவில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "இன்னைக்குத் தடி இல்லாம மாடிப்படி ஏறினேன். ரெண்டாவது மாடி வரைக்கும். அங்க என்ன வேலை குடுத்தாங்க?"

"வாத்தும்மா. நடக்கறப்ப உடம்பை ரெண்டு பக்கமும் ஆட்டுது. எதுக்குன்னு புரியலை."

வண்டிகள் போகும் சத்தம் போனில் கேட்டது.

"கால் குட்டையா இருக்கறவங்க அப்படித்தான்டி நடப்பாங்க," என்றாள் அம்மா. "மூணாம் தெருவுல ஒருத்தர் இருக்கார். நாளைக்கு ஆபீஸ் விட்டு வர்றப்போ பாத்துட்டுச் சொல்றேன்."