துவக்கு இருந்த அலுமாரி

2007 மாரி முழுக்க, லண்டன் பிளேஸ்டோவில் செபஸ்தியாம்பிள்ளையின் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்த துவக்கு, ஒருவரும் தொடாமலே விடியும்போதெல்லாம் சுட்ட சூட்டோடு இருந்தது. குழலுக்குள் புதுக்கரி, பிடியில் வன்னிச் செம்மண். அலுமாரிக்கு இருந்தது ஒரேயொரு திறப்பு. அது அவர் கழுத்திலேயே தொங்கியது.

மன்னாரில் தகப்பனின் வேட்டைத் துவக்கை இயக்கப் பெடியள் வந்து வாங்கிக்கொண்டு போன நாளிலிருந்து, சொந்தமாக ஒன்று வேணும் என்ற அந்தரம் அவருக்கு. லண்டனில் லைசென்ஸ் கிடைத்ததும் பழைய இரட்டைக்குழல் ஒன்றை வாங்கினார். படிக்குக் கீழே ஆபத்துக்கென்று பிஸ்கற், தண்ணீர், மெழுகுதிரி, மருந்துத்துணி என்று அடுக்கினார். ஆமி டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறித்தான் வருவானோ என்று கோயில் வாசலில் பகிடி பண்ணினார்கள். மூத்தவன் நிஷாந்தை மட்டும் பெரியம்மாவோடு ஊரில் விட்டு வந்திருந்தார்கள். பிறகு எடுப்பம், பிறகு எடுப்பம் என்றே வருசங்கள் போயின. அந்த மாரியில்தான் வீட்டுக்கொரு ஆள் என்று இயக்கம் அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. இரவில் துவக்கு போவது அவன் கைக்குத்தான் என்று செபஸ்தியாம்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், குழலுக்குள் தடி விட்டுத் துடைத்து, எண்ணெய் பூசி, தோட்டா இரண்டு போட்டுப் பூட்டினார். சுடும் நேரம் பிள்ளையின் கையில் அது சிக்கிக்கொள்ளக் கூடாது.

மகள் றொசாந்தி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவளுக்குத் துவக்கு சுடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆத்திரம் முழுக்கத் தகப்பன் மேல்தான்.

“நீங்கள் துடைச்சுக் குடுக்கிறபடியாத்தான் அவன் சுடுறான், அப்பா.”

“துடைக்காட்டி அவனைச் சுடுவாங்கள், பிள்ளை.”

இரண்டும் உண்மை. அதனால் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது நின்று போனது.

2009 மாசியில் குழல் பகலிலும் ஆறவில்லை. சுவர்த்தாள் கருகிச் சுருண்டது. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் தமையன் கையைத் தூக்கிக்கொண்டு கடற்களப்பைத் தாண்டி ஆமிப் பக்கம் வந்துவிடுவான் என்று றொசாந்தி கணக்குப் போட்டாள். தகப்பன் குளிக்கப் போன நேரம் அவர் கழற்றி வைத்த திறப்பை எடுத்து, பொலிசுக்குப் போன் அடித்து, துவக்கைக் கொடுத்துவிட்டாள். வந்தவன் குழலை மணந்து பார்த்துக் கடைசியாக எப்ப சுட்டது என்று கேட்டான். விடியப்புறம் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

செபஸ்தியாம்பிள்ளை சத்தம் போடவில்லை. “என்ர பிள்ளையை வெறுங்கையோட விட்டிட்டாய்” என்றார், அவ்வளவுதான்.

வெறும் அலுமாரியைப் பார்க்க ஏலாமல் தாய் மெற்றில்டா அதற்குள் பிஸ்கற்றும் தண்ணீரும் வைத்தார். விடிய உறைகள் கிழிந்து கிடந்தன. பிறகு படிக்குக் கீழே இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அங்கே போனது. அரிசி வைத்தால் அப்படியே இருந்தது; அடுப்பு மூட்ட அங்கே வழியில்லை. மருந்துத்துணி எவ்வளவு வைத்தாலும் காணாது. செபஸ்தியாம்பிள்ளை ஷிப்டுக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் நிரப்பினார். மகளோடு கதைக்கவில்லை, ஆனால் அவள் வாங்கி வந்ததை வாங்கி உள்ளே வைத்தார்.

வைகாசி நடுவில், சண்டை முடிந்ததென்று செய்தி வந்த அன்று, வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். எறும்பு பிடித்தது. துவக்கு இருந்திருந்தால் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. றொசாந்தியின் காதில் மட்டும் அது ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கிழமை போக, ஒரு பிஸ்கற் கடிபட்டிருந்தது. செபஸ்தியாம்பிள்ளை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சின்னக் கடி, பால்பல்லுக் கடி, முன்னால் ஒரு பல்லு இல்லை. நிஷாந்துக்கு இருபத்தி நாலு வயது; இது வேறு ஆரோ ஒரு பிள்ளை. அவர் அதை மனைவியிடம் நீட்டினார், மனைவி மகளிடம் நீட்டினார்.

மெற்றில்டா கண்ணைத் துடைத்து, கோட்டைக் கொளுவிக்கொண்டு தெரு முடக்குக் கடைக்குப் போய்ப் பால்மா வாங்கி வந்து அலுமாரிக்கென்று கரைத்தார். சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ அம்மா என்று சொல்லிவிட்டு றொசாந்தி வேலைக்குப் போனாள்.