இரண்டு கிலோவிலிருந்து

பிரேம்நாத்துக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதமாகிவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவரைத் தூக்கி வைத்தது பக்கத்து வீட்டு ஜியாவுல்லாதான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் மனைவி பிரிசில்லா, அவர் கால்களை மட்டும் பிடித்துக்கொள்வாள்.

அடுத்த மாதம் வாணியம்பாடிக்குக் குடிபோவதாக ஜியாவுல்லா ஒருநாள் தரையைப் பார்த்தபடி சொன்னார். பரவாயில்லண்ணா என்றாள் பிரிசில்லா. அன்று சாயங்காலம் தானே தூக்கிப் பார்த்தாள். பாதியில் கனம் தாங்காமல் இருவரும் கட்டிலில் சரிந்தார்கள்.

"விடு பிரிசி. நான் இப்டியே படுத்துக் கெடக்கறேன்" என்றார் பிரேம்நாத்.

அவர் அறுபத்திரண்டு கிலோ. நல்ல கனமாகத் தூக்கிப் பழகினால்தான் சரிப்படும் என்று நினைத்து, பழைய சாமான் கடையில் பத்து கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மெஷின்முன் குனிய முடியாமல் இரண்டு நாள் லீவு போட்டாள்.

வாராவாரம் பிரேம்நாத்துக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் அமிர்தவள்ளி, கட்டிலுக்கடியில் டம்பெல்லைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. இடுப்பு வலி போகிறவரை எதையும் தொட வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் ஒவ்வொரு கனமாகத் தூக்க வைத்துப் பார்த்தாள்.

"உடம்ப ஆட்டாம பன்னெண்டு தடவ தூக்கணும்க்கா. கடைசி ரெண்டு கஷ்டமா இருக்கணும், ஆனா முடியணும். அதான் உங்க வெயிட்டு."

பிரிசில்லாவின் கைக்கு வந்தது இரண்டு கிலோதான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். காலுக்கு வேறு கணக்கு. ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாள். ஷிப்ட் முடிந்து கால் வீங்கி வருகிற சாயங்காலங்களில் பாட்டிலைப் பார்த்தாலே அழுகை வந்தது. பிரேம்நாத் படுத்தபடியே எண்ணுவார். பத்துக்குமேல் அவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

ஜியாவுல்லா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பஸ் பிடித்து வந்து தூக்கி உட்கார வைப்பார். மற்ற நாளெல்லாம் படுக்கைதான். பிரேம்நாத்தின் முதுகில் தோல் சிவந்தது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு சுலபமானபோது பாட்டிலில் தண்ணீரைக் கொட்டிவிட்டு மணல் நிரப்பினாள். மூன்று கிலோ ஆனது. அரிசிப் பை எட்டானது. தூக்குவது கையால் இல்லை, காலால் என்று அமிர்தவள்ளி பிரேம்நாத்தின் இடுப்பில் பெல்ட் கட்டி, பக்கத்தில் நின்று பலமுறை பழக்கினாள்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு. ஜியாவுல்லாவுக்கு வேலை, வர முடியவில்லை. பிரிசில்லா நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். பெல்ட்டைப் பிடித்து, முழங்காலை மடக்கி, மூன்று எண்ணி எழுந்தாள். பிரேம்நாத் நல்ல காலை ஊன்றினார். இருவரும் ஒரு கணம் நின்றார்கள். மெல்லத் திருப்பி அவரை உட்கார வைத்தாள்.

அவர் நல்ல கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினாள். சர்ச்சுக்குக் கிளம்பத்தான் நினைத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூங்கிப்போனாள்.