சிவலீலாவின் அறைக்குக் கீழே

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கர்நாடகத்து பீதரில் கீழ்த்தெருக்காரன் நான். எங்கள் கிணறு வற்றியதற்குக் காரணம் மேட்டுத்தெரு குருபாதப்பா. சுல்தான்கள் வெட்டிய சுரங்க வாய்க்கால் அவர் மனைக்கு அடியில்தான் வருகிறது. முற்றத்தில் திறக்கும் அதன் மேல்வாயில் இடிசலைக் கொட்டி அடைத்துவிட்டு அங்கே அறை கட்டப் போகிறார். வாய்க்காலைச் சீரமைப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். அடைப்பை அவர்கள் தொடாதபடி அவர் தடையுத்தரவு வாங்கிவிட்டார்.

முதல் வரி எழுதினேன்: 'பேராசைக்கு மீசை முளைத்தால் குருபாதப்பா மாதிரி இரு—'

(நல்ல வரி. அடிக்க வேண்டியதாயிற்று.)

2
வில்லனை நேரில் பார்க்கப் போனேன்.

"கீழ்த்தெருவா? திட்ட வந்தீங்களா, டீ குடிக்கவா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப டீ முதல்ல. பட்டா எங்க தாத்தா பேருல இருக்கு சார். சுல்தான் வந்து கேட்டா குடுத்துடறேன்."

முற்றத்துத் தகரக் கொட்டகையில் அவர் மனைவி சிவலீலா படுத்திருந்தார். நடக்க முடியாது. மழை ஒழுகுகிறது. அறை அவருக்குத்தான், வேறு இடமில்லை.

"கீழ்த்தெரு ஜரீனா சௌக்கியமா?" என்று என்னிடம் கேட்டார். "தண்ணி இறைக்கறப்ப கிணத்துக்குள்ள குனிஞ்சு, 'அக்கா, டீ ஆச்சா?'ன்னு கத்துவா. இந்த வாய் வழியா கேக்கும். 'ஆச்சுடீ'ன்னு நானும் கத்துவேன். மூஞ்சி பார்த்ததில்ல. நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து பேச்சே காணோம். கோச்சுக்கிட்டாளோ?"

விடியுமுன் பஸ் ஓட்டப் போகிறவர் குருபாதப்பா. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாயை அடைத்த அவருக்கு இது புதுச் செய்தி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

குருபாதப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

3
முடிவு அ: அவர் இடிசலை அள்ளுகிறார். எங்களுக்குத் தண்ணீர், சிவலீலாவுக்கு மழை. (இதை என் குடம் எழுதுகிறது.)

முடிவு ஆ: அறை எழும்புகிறது. ஒழுகாத அறையில் சிவலீலா தனியாக—

(ஜரீனா நேரில் போகலாமே என்பீர்கள். நான் சொல்லி, போனாள். இருவரும் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை.)

4
இன்று காலை குருபாதப்பா வேலைக்குப் போகவில்லை. கையில் கடப்பாரை. கொத்தனார் செங்கல்லோடு காத்திருக்கிறார்.

"எழுதறவரு நீங்க. நீங்களே சொல்லுங்க சார், கட்டவா, தோண்டவா?"

நான் கீழ்த்தெருக்காரன், என் வாயில் நியாயம் வராது. உங்களுக்கு இரண்டு தெருவிலும் வீடில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மேகம் திரள்கிறது. கீழே ஜரீனா வற்றிய கிணற்றுக்குள் குனிந்து இன்றும் கூப்பிடுகிறாள்:

"அக்கா, டீ ஆச்சா?"